சிறிய கெர்னலில் புராசஸ் ஸ்ட்ரக்ட், சிபியு ஸ்ட்ரக்ட்: அடியிலிருந்து கட்டும் முழு வழிகாட்டி

ஓடும் ஒவ்வொரு நிரலைப் பற்றியும் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) வைத்திருக்கும் பதிவு புராசஸ் ஸ்ட்ரக்ட்; ஒவ்வொரு கோரைப் பற்றியும் வைத்திருப்பது சிபியு ஸ்ட்ரக்ட். புராசஸ் ஸ்ட்ரக்டில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இது யாருக்குச் சொந்தம்? இதில் எழுதுவது யார்? எழுதும்போது எந்த லாக் (ஒரு நேரத்தில் ஒருவரையே தொடவிடும் பூட்டு) கையில் இருக்க வேண்டும்? இவற்றுக்கு விடை தெரியாமல் சேர்த்த ஃபீல்டு ஒற்றைக் கோரில் ஓடும்வரை ஒழுங்காகவே நடக்கும். இரண்டாவது கோரை எழுப்பியதும், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபங்ஷனில் கெர்னல் சாயும். அடுத்த முறை வேறு இடத்தில் சாயும். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே போகிறது.

கீழே சொல்வதெல்லாம் 64-பிட் ரிஸ்க்-வி செயலி, 4096 பைட் பக்கம் (நினைவகத்தைப் பிரிக்கும் அலகு), சி மொழி, பல கோர்கள் என்ற அடிப்படையில். அமைப்பு, எம்ஐடி பாடத்துக்காக 2006-இல் எழுதப்பட்ட எக்ஸ்வி6 கெர்னலின் வழியை ஒட்டியது. அதுவோ 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் வடிவத்தைத் தழுவியது. எக்ஸ்86, ஆர்ம் என்று போனாலும் ரெஜிஸ்டர் பெயர்களும் எண்ணிக்கையும்தான் மாறும். எது யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு மாறாது.

முதலில் அளவுகள்

64 புராசஸ், 8 சிபியு, புராசஸ் ஒன்றுக்கு 16 திறந்த ஃபைல்கள், பெயருக்கு 16 பைட், கெர்னல் ஸ்டாக்குக்கு (அந்தப் புராசஸுக்காகக் கெர்னல் கோடு ஓடும்போது பயன்படும் ஸ்டாக்) ஒரு பக்கம். இவை எக்ஸ்வி6-இன் எண்கள். தொடங்குவதற்கு இவையே போதும்.

புராசஸ் பட்டியலை லிங்க்டு லிஸ்டாக வைக்கலாமா, நிலையான அரேயாக வைக்கலாமா என்றால், அரே என்று தயங்காமல் சொல்வோம். அரேயில் ஒரு புராசஸ் இடத்தின் முகவரி கெர்னல் அணையும்வரை செல்லுபடியாகும். புராசஸ் செத்துப் போனாலும் அந்த இடமும் அதிலுள்ள லாக்கும் அங்கேயே இருக்கும். எனவே பட்டியல் முழுவதையும் துழாவும் கோடு, 'நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதை யாராவது ஃப்ரீ செய்துவிடுவார்களா' என்று கவலைப்பட வேண்டியதில்லை. லிங்க்டு லிஸ்ட் என்றால் லிஸ்டுக்கு ஒரு லாக், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை என்று வேலை பெருகும். 64 இடங்களை வரிசையாகப் பார்ப்பது மெதுவல்ல. ஆயிரக்கணக்கில் புராசஸ் வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கெர்னல் ஸ்டாக்குகளைத் தொடக்கத்திலேயே 64-க்கும் ஒதுக்கிவிடுங்கள்: 64 பக்கம், அதாவது 256 கிலோபைட். மெய்நிகர் முகவரியில் ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் கீழே மேப் செய்யாத ஒரு பக்கத்தைக் காவலாக விடுங்கள். காவல் பக்கத்துக்கு நினைவகம் செலவாகாது, முகவரி மட்டும்தான் செலவு.

சிபியு ஸ்ட்ரக்ட்

இது சின்னது. நான்கே ஃபீல்டு:

ஓடும் புராசஸ் — பாயின்டர், 8 பைட். எதுவும் ஓடாதபோது பூஜ்யம்
ஷெட்யூலர் கான்டெக்ஸ்ட் — அடுத்து ஓடும் புராசஸைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலரின் சேமித்த ரெஜிஸ்டர்கள்: 14 ரெஜிஸ்டர், 112 பைட்
அணைப்பு ஆழம் — இன்டரப்ட் (டைமரோ சாதனமோ கோரைக் குறுக்கிடுவது) ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை முறை அணைக்கப்பட்டது: முழு எண், 4 பைட்
முந்தைய இன்டரப்ட் நிலை — முழு எண், 4 பைட்

கூட்டினால் 128 பைட். 64 பைட் கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) உள்ள சிப்பில் சரியாக இரண்டு லைன். ஆனால் அரேயின் தொடக்கம் 64-ஆல் வகுபடும் முகவரியில் இல்லாவிட்டால், ஒரு சிபியுவின் வால் பகுதியும் அடுத்த சிபியுவின் தலைப் பகுதியும் ஒரே லைனில் விழும். அணைப்பு ஆழம் லாக் எடுக்கும்போதெல்லாம் மாறுவது. இரு கோர்கள் அந்த லைனை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருக்கும். விடை சரியாக வரும், வேகம் மட்டும் போகும். அரேயை அறிவிக்கும்போதே 64 பைட் அலைன்மென்ட் கொடுத்துவிடுங்கள். பின்னால் ஃபீல்டு சேர்த்து 128 என்ற அளவு மாறினால் ஸ்ட்ரக்டுக்கும் அதே அலைன்மென்ட் கொடுக்க வேண்டும்.

இந்த ஸ்ட்ரக்டுக்கு லாக் கிடையாது. அந்தந்த சிபியு மட்டுமே தன் ஸ்ட்ரக்டைத் தொடும் என்பதே பாதுகாப்பு. இன்னொரு கோர் படிக்க ஆரம்பித்த மறுகணம் அந்த வாக்குறுதி உடையும். கோர்களுக்கிடையே பகிர வேண்டிய எதையும் இங்கே வைக்காதீர்கள்.

'நான் எந்த சிபியு' என்பது எப்படித் தெரியும்? ரிஸ்க்-வியில் கோரின் எண்ணை (ஹார்ட் எண்) வைத்திருக்கும் எம்ஹார்ட்ஐடி ரெஜிஸ்டரை, மிக உயர்ந்த உரிமையுள்ள மெஷின் மோடில் மட்டுமே படிக்க முடியும். கெர்னல் ஓடுவதோ அதற்கு அடுத்த படியான சூப்பர்வைசர் மோடில். எனவே பூட் ஆகும்போது மெஷின் மோடிலேயே அதைப் படித்து டிபி ரெஜிஸ்டரில் போட்டுவைக்கிறோம். கம்பைலர் அந்த ரெஜிஸ்டரைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்வதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஹார்ட் எண்ணை அப்படியே அரே இண்டெக்ஸாகப் பயன்படுத்துவது கியூஎம்யு எமுலேட்டரில் ஓடும். ஆனால் சைஃபைவ் எஃப்யு540 சிப்பில் ஹார்ட் 0 சிறிய கண்காணிப்புக் கோர்; இயங்குதளம் ஓடக்கூடியவை 1 முதல் 4 வரை. 'நான்கு கோர் இருக்கிறது, அரே அளவு நான்கு' என்று எழுதினால் ஹார்ட் 4 அரேக்கு வெளியே எழுதும். நிஜ போர்டுக்குப் போகும் எண்ணமிருந்தால் ஹார்ட் எண்ணுக்கும் இண்டெக்ஸுக்கும் தனி மேப்பிங் வையுங்கள்.

என் சிபியுவின் முகவரியைத் தரும் ஃபங்ஷனை இன்டரப்ட் அணைந்த நிலையில்தான் அழைக்க வேண்டும். முகவரி கையில் கிடைத்த பிறகு டைமர் இன்டரப்ட் வந்து, புராசஸ் வேறு கோருக்கு இடம் மாறினால், கையிலிருப்பது பழைய கோரின் முகவரி. ஓடும் புராசஸைத் தரும் ஃபங்ஷன் இதற்காகவே அணைத்து, படித்து, திறக்கிறது. அது தரும் புராசஸ் பாயின்டர் மட்டும் திறந்த பிறகும் செல்லும், ஏனென்றால் கோர் மாறினாலும் புராசஸ் அதேதான்.

அணைப்பு ஆழம்

ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை லூப்பில் சுற்றியே காத்திருக்கும் லாக்) எடுக்கும்போது அந்தக் கோரில் இன்டரப்டை அணைத்தாக வேண்டும். இல்லையென்றால், லாக்கைப் பிடித்திருக்கும்போதே இன்டரப்ட் ஹேண்ட்லர் நுழைந்து அதே லாக்குக்காகச் சுற்ற ஆரம்பிக்கும். விட வேண்டியவர் கீழே உறைந்திருக்க, காத்திருப்பவர் மேலே நிற்க, கோர் அத்தோடு முடிந்தது.

ஒன்றுக்குள் ஒன்றாக லாக் எடுப்பதால் எண்ணிக்கை வேண்டும். ஆழம் 0-லிருந்து 1 ஆகும்போது மட்டும், அதற்கு முன் இன்டரப்ட் திறந்திருந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1-லிருந்து 0 ஆகும்போது, முன்பு திறந்திருந்தால் மட்டும் திறங்கள். வரிசை முக்கியம்: பழைய நிலையைப் படி, அணை, பிறகு எண்ணிக்கையைக் கூட்டு. அணைக்கும் முன்பே எண்ணிக்கையைத் தொட்டால் இடையில் கோர் மாறி, வேறு சிபியுவின் எண்ணிக்கை கெடும்.

புராசஸ் ஸ்ட்ரக்ட்

இங்கே ஃபீல்டுகளை அகர வரிசையிலோ அளவு வரிசையிலோ அடுக்காதீர்கள். லாக் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் தலையிலும் கமென்ட் எழுதுங்கள்.

முதல் பிரிவு, புராசஸின் சொந்த லாக் தேவைப்படுபவை: நிலை, எதற்காகத் தூங்குகிறது என்ற சேனல், கொல்லப்பட்டதா என்ற கொடி, வெளியேறும் மதிப்பு, புராசஸ் எண்.

இரண்டாவது பிரிவில் ஒரே ஃபீல்டு: பெற்றோர் பாயின்டர். இதற்கு எல்லாப் புராசஸுக்கும் பொதுவான காத்திருப்பு லாக் வேண்டும். சொந்த லாக்கில் வைத்தால் என்ன? வெளியேறும் பிள்ளை தன் லாக்கைப் பிடித்துக்கொண்டு பெற்றோரின் லாக்கைக் கேட்கும். பிள்ளை முடிவதற்காக வெயிட்டில் இருக்கும் பெற்றோர் தன் லாக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் லாக்கைக் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சுற்றும். பொது லாக் ஒன்றை வைத்து, 'காத்திருப்பு லாக் முதலில், புராசஸ் லாக் பிறகு' என்று வரிசை போட்டுவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, அந்தப் புராசஸ் மட்டுமே தொடுபவை: கெர்னல் ஸ்டாக் முகவரி, நினைவக அளவு, பேஜ் டேபிள் (மெய்நிகர் முகவரியை நிஜ முகவரியாக்கும் அட்டவணை), டிராப்ஃபிரேம் (டிராப், அதாவது யூசர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும்போது ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம்) பாயின்டர், கான்டெக்ஸ்ட், திறந்த ஃபைல்கள், நடப்பு டைரக்டரி, பெயர். இவற்றுக்கு லாக் தேவையில்லை. த்ரெட் சேர்க்கும் நாளில் இந்தப் பிரிவுதான் முதலில் உடையும்: ஃபைல் அரேயும் நினைவக அளவும் பலர் தொடும் பொருளாகிவிடும்.

நிலைகள் ஆறு: காலி, ஒதுக்கப்பட்டது, தூக்கம், ஓடத் தயார், ஓடுகிறது, ஸாம்பி (முடிந்தும் பெற்றோர் இன்னும் துடைக்காதது). 'ஒதுக்கப்பட்டது' தேவையில்லை என்று தோன்றலாம். இடத்தைப் பிடித்த பிறகு பேஜ் டேபிள் கட்டி முடிக்கும்வரை, இன்னொரு ஃபோர்க் (புதிய புராசஸ் உருவாக்கும் அழைப்பு) அதே இடத்தைக் காலி என்று எடுத்துவிடாமலும் ஷெட்யூலர் அதை ஓட்டிவிடாமலும் காப்பது அதுதான்.

ரெஜிஸ்டர்களுக்கு இரண்டு இருப்பிடம்

டிராப்ஃபிரேமும் கான்டெக்ஸ்டும் ஒன்றுதானே என்று இரண்டையும் இணைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். யூசர் நிரல் எந்தக் கட்டளையில் வேண்டுமானாலும் குறுக்கிடப்படலாம். எனவே டிராப்ஃபிரேமில் எல்லா ரெஜிஸ்டரும் வேண்டும். பூஜ்ய ரெஜிஸ்டரை விட்டால் 31. அதோடு கெர்னலின் பேஜ் டேபிள், கெர்னல் ஸ்டாக் உச்சி, டிராப் ஹேண்ட்லர் முகவரி, யூசர் பிசி (நிரல் நின்ற கட்டளையின் முகவரி), ஹார்ட் எண் என ஐந்து. மொத்தம் 36, ஒவ்வொன்றும் 8 பைட், 288 பைட். கான்டெக்ஸ்ட் அப்படியல்ல. அது மாறுவது கெர்னலே விரும்பி அழைக்கும் ஒரு ஃபங்ஷனுக்குள். அழைப்பவர் காக்க வேண்டிய ரெஜிஸ்டர்களைக் கம்பைலர் ஏற்கெனவே ஸ்டாக்கில் போட்டிருக்கும். மிச்சம் ஆர்ஏ (திரும்பும் முகவரி), எஸ்பி (ஸ்டாக் பாயின்டர்), எஸ்0 முதல் எஸ்11 வரை: 14. மாற்றும் அசெம்பிளி ஃபங்ஷன் 14 சேமிப்பு, 14 ஏற்றம், ஒரு ரிட்டர்ன் என 29 கட்டளைகளில் முடியும். பிசியைச் சேமிக்கத் தேவையில்லை. ஆர்ஏ மாறிவிட்டதால் ரிட்டர்ன் கட்டளையே புதிய இடத்துக்குப் போய்விடும்.

டிராப்ஃபிரேமிலுள்ள ஹார்ட் எண்ணைக் கவனியுங்கள். யூசர் நிரல் டிபியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே கெர்னலுக்குள் நுழைந்ததும் அதை நம்ப முடியாது. டிராப்ஃபிரேமிலிருந்து 32-ஆம் ஆஃப்செட்டைப் படித்து மீட்கிறோம். அந்த எண்ணைப் புராசஸ் உருவாகும்போது ஒருமுறை எழுதிவைத்தால் போதாது. புராசஸ் கோர் மாறும். ஒவ்வொரு முறை யூசர் மோடுக்குத் திரும்பும் முன்பும், இன்டரப்ட் அணைந்த நிலையில், இப்போதைய டிபியை அங்கே எழுத வேண்டும். மறந்தால் இரண்டு கோர்கள் தங்களை ஒரே சிபியு என்று நினைத்துக்கொள்ளும். அதன்பின் அணைப்பு ஆழம் எதிர்மறையாவது முதல் வேறொருவரின் புராசஸைத் தன்னுடையது என்று எடுப்பதுவரை எதுவும் நடக்கலாம்.

அசெம்பிளி கோடு இந்த ஆஃப்செட்டுகளை வெறும் எண்களாக எழுதியிருக்கும். சி பக்கத்தில் நடுவில் ஒரு ஃபீல்டைச் செருகினால் எச்சரிக்கையே வராது. இரு ஸ்ட்ரக்டுகளின் அளவுக்கும், ஹார்ட் எண், ஆர்ஏ ஆகியவற்றின் ஆஃப்செட்டுக்கும் கம்பைல் நேரச் சோதனை போட்டுவிடுங்கள்: 288, 112, 32, 40.

புதிய புராசஸ்

காலி இடத்தை லாக்கோடு பிடியுங்கள், எண் கொடுங்கள், டிராப்ஃபிரேமுக்கு ஒரு பக்கம், பேஜ் டேபிள் ஒன்று. பிறகு கான்டெக்ஸ்ட் முழுவதையும் பூஜ்யமாக்கி இரண்டே ரெஜிஸ்டர் நிரப்புங்கள்: ஆர்ஏவில் முதல்முறை ஓடும் ஃபங்ஷனின் முகவரி, எஸ்பியில் கெர்னல் ஸ்டாக் முகவரியோடு 4096. ஸ்டாக் கீழ்நோக்கி வளரும் என்பதால் உச்சியைத்தான் தர வேண்டும். அடியைத் தந்தால் முதல் அழைப்பே காவல் பக்கத்தில் விழும். எஸ்பி எப்போதும் 16-ஆல் வகுபட வேண்டும்.

அந்த முதல்முறை ஃபங்ஷனின் முதல் வேலை, தன் புராசஸ் லாக்கை விடுவது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

சிபியு பக்கத்துக் கான்டெக்ஸ்டை யாரும் நிரப்ப வேண்டாம். ஷெட்யூலர் முதல்முறை மாறும்போது தானாகவே நிரம்பும். ஷெட்யூலருக்குத் தனி ஸ்டாக் உண்டு. பூட் ஆனபோது அந்தக் கோருக்குக் கொடுத்த ஸ்டாக்கே அது.

கை மாறும் லாக்

இதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான இடம். ஷெட்யூலர் ஒரு புராசஸின் லாக்கை எடுக்கிறது, நிலையை 'ஓடுகிறது' என்று மாற்றுகிறது, சிபியு ஸ்ட்ரக்டில் பாயின்டரைப் போடுகிறது, கான்டெக்ஸ்ட் மாற்றுகிறது. லாக்கை விடவில்லை. விடுவது, அந்தப் பக்கம் கண்விழிக்கும் புராசஸ். திரும்பி வரும்போது புராசஸ் எடுத்த லாக்கை ஷெட்யூலர் விடுகிறது.

ஏன் மாறும் முன்பே விட்டுவிடக் கூடாது? புராசஸ் தன் நிலையை 'ஓடத் தயார்' என்று மாற்றி லாக்கை விட்டுவிட்டதாக வையுங்கள். அது இன்னும் தன் கெர்னல் ஸ்டாக்கின் மேல்தான் நிற்கிறது. 14 ரெஜிஸ்டரும் சேமிக்கப்படவில்லை. அந்தக் கணத்தில் இன்னொரு கோரின் ஷெட்யூலர் 'தயார்' என்பதைப் பார்த்து, பழைய கான்டெக்ஸ்டை ஏற்றி, ஓட்ட ஆரம்பிக்கிறது. ஒரே ஸ்டாக்கில் இரண்டு கோர்கள். இந்தச் சிதைவுக்குப் பின் டீபக்கரில் பார்ப்பது எதுவும் பொருள்படாது. 'நிலை, சேமித்த ரெஜிஸ்டர்கள், சிபியு பாயின்டர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்' என்பதே லாக் காக்கும் உண்மை. அது பொருந்தாத இடைவெளி முழுக்க லாக் பிடித்திருக்க வேண்டும்.

மாறுவதற்கு முன் நான்கு சோதனைகள் வையுங்கள்: புராசஸ் லாக் என்னிடம் இருக்கிறது, அணைப்பு ஆழம் சரியாக 1, நிலை 'ஓடுகிறது' இல்லை, இன்டரப்ட் அணைந்திருக்கிறது. ஒன்று தவறினாலும் பேனிக், அதாவது கெர்னலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆழம் 2 என்றால் வேறொரு ஸ்பின்லாக்கையும் பிடித்துக்கொண்டு தூங்கப் போகிறார்கள் என்று பொருள்; அந்த லாக்குக்காக அடுத்தவர் இன்டரப்டை அணைத்துக்கொண்டு சுற்றும்போது, இவரை எழுப்ப ஆளிருக்காது. இந்தச் சோதனைகளை வேகத்துக்காக நீக்காதீர்கள்.

இன்னொன்று. அணைப்பு ஆழம் சிபியுவுக்குச் சொந்தம். ஆனால் 'முந்தைய இன்டரப்ட் நிலை' இருப்பது சிபியு ஸ்ட்ரக்டில் என்றாலும், உண்மையில் அது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் த்ரெட்டுக்குச் சொந்தம். ஒரு புராசஸ் கெர்னலுக்குள் டைமர் இன்டரப்டில் சிக்கி, இன்டரப்ட் அணைந்த நிலையில் சிபியுவை விட்டுக்கொடுக்கிறது. அதன் குறிப்பு 'அணைந்திருந்தது'. ஷெட்யூலரோ இன்டரப்ட் திறந்த நிலையில் சுற்றும். அது லாக் எடுக்கும்போது 'திறந்திருந்தது' என்று அதே இடத்தில் எழுதும். புராசஸ் மறுபடி ஓடி லாக்கை விடும்போது ஷெட்யூலரின் குறிப்பைப் பார்த்து, டிராப் ஹேண்ட்லருக்கு நடுவில் இன்டரப்டைத் திறந்துவிடும். திரும்பும் முகவரியை எஸ்இபிசி ரெஜிஸ்டரில் எழுதிய பிறகு இன்னொரு இன்டரப்ட் நுழைந்தால் அந்த முகவரி போயிற்று. எனவே மாறும் முன் அதை லோக்கல் மாறியில் வைத்து, திரும்பியதும், அப்போது எந்தச் சிபியுவில் இருக்கிறோமோ அதில் எழுத வேண்டும். லோக்கல் மாறி கெர்னல் ஸ்டாக்கோடு பயணிக்கும், அதுதான் சரியான சொந்தக்காரர்.

தூக்கமும் எழுப்புதலும்

தூங்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு அளவுருக்கள்: சேனல், நிபந்தனையைக் காக்கும் லாக். முதலில் சொந்தப் புராசஸ் லாக்கை எடு. பிறகுதான் நிபந்தனை லாக்கை விடு. எழுப்புபவர் நிபந்தனை லாக்கோடு வந்து ஒவ்வொரு புராசஸ் லாக்கையும் எடுத்துப் பார்ப்பார். இந்த வரிசையில் அவர் நாம் தூங்கும் முன்பும் நுழைய முடியாது, நம்மைத் தவறவிடவும் முடியாது. வரிசையை மாற்றினால் இடுக்கில் எழுப்புதல் நழுவும். புராசஸ் நிரந்தரமாகத் தூங்கும்.

சேனல் வெறும் முகவரி. இருவர் தற்செயலாக ஒரே முகவரியில் தூங்கலாம். எழுந்தபின் நிபந்தனை பொய்யாக இருக்கலாம். எனவே தூக்கத்தை எப்போதும் லூப்புக்குள் வையுங்கள்.

சாவு

வெளியேறும் புராசஸ் தன் ஸ்டாக்கின் மேல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஃப்ரீ செய்ய முடியாது. ஃபைல்களை மூடி, பிள்ளைகளை முதல் புராசஸான இனிட்டிடம் ஒப்படைத்து, பெற்றோரை எழுப்பி, சொந்த லாக்கோடு ஸாம்பி ஆகி, ஷெட்யூலருக்குத் தாவிவிடும். மிச்சத்தைத் துடைப்பது பெற்றோர். பெற்றோர் முந்திக்கொண்டு துடைத்துவிடாதா? பிள்ளையின் லாக் கிடைத்த பிறகே நிலையைப் படிக்கும். அந்த லாக்கை விடுவது ஷெட்யூலர், அதாவது பிள்ளை ஸ்டாக்கை விட்டு இறங்கிய பிறகு. கை மாறும் லாக் இங்கேயும் காப்பாற்றுகிறது.

கில் என்பது கொடி வைப்பது மட்டுமே. தூங்கினால் தட்டியெழுப்பலாம். நேரடியாகக் கொல்லக் கூடாது: அது வேறு கோரில் ஓடிக்கொண்டிருக்கலாம், ஏதோ ஒரு லாக்கைப் பிடித்திருக்கலாம், டிஸ்க்கில் பாதி எழுதியிருக்கலாம். சிஸ்டம் கால் தொடங்கும் இடத்திலும் யூசர் மோடுக்குத் திரும்பும் இடத்திலும் அந்தப் புராசஸே கொடியைப் பார்த்து வெளியேறட்டும்.

பிழை தேடும்போது

ஒரு கோரில் ஓட்டிப் பாருங்கள், பிறகு மூன்றில். ஒன்றில் சரி, மூன்றில் சாய்கிறது என்றால் லாக் கமென்ட்களுக்குத் திரும்புங்கள்.

மெஷின் முழுதும் உறைந்தால், ஒவ்வொரு கோரும் எங்கே நிற்கிறது என்று ஜிடிபி டீபக்கரில் பாருங்கள். எல்லாம் ஷெட்யூலரின் லாக் எடுக்கும் வரியில் நின்றால், யாரோ ஒரு புராசஸ் லாக்கை விடவில்லை. முதல்முறை ஃபங்ஷனைப் பாருங்கள். அங்கே விட மறந்திருந்தால், முதல் டைமர் இன்டரப்டிலேயே 'ஏற்கெனவே என்னிடம் உள்ள லாக்' என்ற பேனிக்கும் வரக்கூடும்.

டிராப்பின் காரணத்தைச் சொல்லும் எஸ்காஸ் ரெஜிஸ்டரில் 13 என்பது படிக்கும்போது பக்கப் பிழை, 15 எழுதும்போது. எஸ்காஸ் 15 வந்து, எஸ்இபிசி டிராப் நுழைவுக் கோடுக்குள்ளேயே காட்டினால் பெரும்பாலும் கெர்னல் ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது: காவல் பக்கத்தைத் தொட்டதும் டிராப், அதுவும் அதே ஸ்டாக்கில் எழுதப் பார்த்து மறுபடி டிராப். குற்றவாளி, யாராவது லோக்கலாக அறிவித்த பெரிய பஃபர். 4096 பைட்டில் 1024-ஐ ஒரே அரே தின்னக் கூடாது.

பக்கம் ஃப்ரீ ஆகும்போது 1 என்ற பைட்டாலும், ஒதுக்கும்போது 5 என்ற பைட்டாலும் நிரப்புங்கள். முகவரியில் ஹெக்ஸில் 0505 என்று வரிசையாகத் தெரிந்தால் ஃபீல்டை நிரப்பவில்லை. 0101 என்றால் ஃப்ரீ ஆனதைப் படிக்கிறீர்கள். கீபோர்டிலிருந்து ஒரு கட்டுப்பாட்டு விசைக்குப் புராசஸ் பட்டியலை அச்சிடும் வசதியும் வையுங்கள்: எண், நிலை, பெயர் போதும். அதில் மட்டும் லாக் எடுக்காதீர்கள். லாக்கில் சிக்கிய மெஷினைப் பார்க்கத்தான் அது இருக்கிறது.